தொப்பூர் ஏற்றத்தில் வரும் மிஸ்ஸிங் பட்டறை வாசலில் காணாமல் போகிறதா? இக்னிஷன் கோளாறை யாரிடம் காட்டுவது

சேலத்திலிருந்து தருமபுரிக்கு வரும் வழி. தொப்பூர் ஏற்றத்தில் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் வண்டி குலுங்குகிறது (இதுதான் மிஸ்ஸிங்), இழுவை விட்டுப்போகிறது, இன்ஜின் விளக்கு எரிகிறது. மேலே ஏறிச் சமதளம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. மறுநாள் பட்டறையில் நிறுத்தினால் ஒரே சாவித் திருப்பலில் ஸ்டார்ட் ஆகிறது. "ஒண்ணும் இல்லைங்க, ஓட்டிப் பாருங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். பத்து நாளில் மறுபடியும் அதே கதை. அதற்குள் ஒருவர் பிளக் மாற்றியிருப்பார், இன்னொருவர் காயில் (பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் பாகம்) மாற்றச் சொல்லியிருப்பார், மூன்றாமவர் இசிஎம் (இன்ஜினின் கம்ப்யூட்டர்) போய்விட்டது என்றிருப்பார்.

வந்து வந்து போகும் இந்தக் கோளாறுக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: நாமே ஸ்கேனரும் மீட்டரும் வாங்கிப் பார்ப்பது, ஊரில் உள்ள வயரிங் கடைக்குப் போவது, கம்பெனி சர்வீஸில் விடுவது, பிளக்கையும் காயிலையும் செட்டாக மாற்றிவிடுவது. நான்கையும் எடைபோடும்போது கூலி எவ்வளவு என்பது முதல் கேள்வி ஆகாது. குறை தலைகாட்டும் அந்த ஐந்து நிமிடத்தில் வண்டிக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், அவர் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இங்கே சொல்வதெல்லாம் பெட்ரோல் வண்டிக்கும், பெட்ரோலோடு சிஎன்ஜி ஓடும் வண்டிக்கும். டீசலில் பிளக் பொறி கிடையாது; அது வேறு கணக்கு.

## முதலில் அளவுகோல்கள்

எந்த வகைக் குறை? "ஸ்டார்ட்டிங் டிரபிள்" என்ற ஒரே பெயருக்குள் மூன்று தனித்தனி நோய்கள் இருக்கின்றன. சாவியைத் திருப்பினால் செல்ஃபே எடுக்காமல் டிக் என்று மட்டும் சத்தம் வருவது ஒன்று. பேட்டரி, டெர்மினல், எர்த், செல்ஃப் மோட்டார், ரிலே, இக்னிஷன் சுவிட்ச் இவற்றில்தான் அதன் வேர் இருக்கும். அதற்குப் பிளக் மாற்றினால் பணம் வீண். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பற்றாமல் இருப்பது இரண்டாவது. இதில் பொறி, பெட்ரோல், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு), கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை இசிஎம்முக்குச் சொல்வது) நான்கையும் சந்தேகப்பட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது மிஸ்ஸிங் அடிப்பதோ திடீரென அணைவதோ மூன்றாவது.

எப்போது வருகிறது? ஏற்றத்தில் பாரத்தோடு மட்டும் வந்தால் பிளக் இடைவெளி அகன்றிருக்கும், அல்லது காயில் வலுவிழந்திருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக்கூடப் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்ட் தேவை. சமதளத்தில் ஒப்பேற்றிய காயில் தொப்பூரிலோ, கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் ஏறும்போதோ கைவிடுவது இதனால்தான். மழைக்கோ வாட்டர் வாஷுக்கோ பிறகு வந்தால், பிளக் குழிக்குள் தண்ணீர் அல்லது காயிலின் ரப்பர் உறையில் (பூட்) விரிசல். சித்திரை வெயிலில் நெடுந்தூரம் ஓடிச் சூடேறியதும் அணைந்து, இருபது முப்பது நிமிடம் ஆறியபின் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனால், முதல் சந்தேகம் கிராங்க் சென்சார் மேல். அடுத்தது பெட்ரோல் பம்ப், காயில். வேகத்தடையில் தூக்கிப் போடும்போது வந்தால் லூஸ் கான்டாக்ட். மார்கழிக் குளிரில், குறிப்பாக ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம், காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வந்தால் பேட்டரியிலிருந்து தொடங்குங்கள்.

தடயம் பிழைக்குமா? இசிஎம் ஒரு கோடை (code, குறையைக் காட்டும் குறியீடு) பதியும்போது, அந்த நொடியில் இன்ஜின் சுற்று, வேகம், கூலன்ட் சூடு, பாரம் ஆகியவற்றையும் சேர்த்துப் பதிந்துவைக்கிறது. ஸ்கேனரில் இதை ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். விளக்கு அணைந்தாலும் இது பல நாள் நினைவில் இருக்கும். ஆனால் யாராவது கோடை அழித்தாலோ, பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலோ பல வண்டிகளில் எல்லாம் போய்விடும். வந்து போகும் குறைக்கு இதுதான் பெரிய இழப்பு.

மொத்தச் செலவு, வாரண்டி, தூரம். பில் தொகையோடு வண்டி இல்லாத நாட்களையும் கட்டி இழுக்கும் செலவையும், தவறான பொருளை மாற்றியதால் வீணாகும் பணத்தையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் கம்பெனியின் சர்வீஸ் மையம் தருமபுரி நகரிலேயே இருக்கலாம். சில கம்பெனிகளுக்கு ஓசூரோ சேலமோ போக வேண்டும். அரூரிலோ அஞ்செட்டியிலோ இருப்பவருக்கு அது ஒரு நாள் வேலை.

## வழி 1: நாமே ஸ்கேனர், மீட்டர் வைத்துப் பார்ப்பது

தேவைப்படுபவை: ஈஎல்எம் 327 வகை ப்ளூடூத் ஸ்கேனர் (வண்டியின் கோடுகளைப் போனில் காட்டும் கருவி), டிஜிட்டல் மல்டிமீட்டர், வண்டிக்கேற்ற 16 அல்லது 14 மி.மீ. பிளக் சாக்கெட், நீட்டுக் கம்பி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடுகள்), 10 மி.மீ. ஸ்பேனர். எல்லாம் சேர்த்துச் சுமார் 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் முடியும். மிக மலிவான ஸ்கேனர்கள் சில வண்டிகளோடு பேசவே மாட்டா. வாங்கிய அன்றே மாட்டிப் பார்த்து, பேசாவிட்டால் திருப்பிவிடுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை அல்லது ப்ளூடூத் 4.0 உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும்.

படி 1. எதையும் அழிக்காமல் கோடுகள், பெண்டிங் கோடுகள் (விளக்கு எரிவதற்கு முன்பே பதிபவை), ஃப்ரீஸ் ஃப்ரேம் மூன்றையும் திரையோடு படம் பிடித்து வையுங்கள். பி 0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங், பி 0302 இரண்டாவது, இப்படியே போகும். பி 0300 என்றால் ஒரு சிலிண்டர் என்றில்லாமல் மாறி மாறி வருகிறது. பி 0351 முதல் பி 0354 வரை காயில் சர்க்யூட். பி 0335 கிராங்க் சென்சார். பி 0300-உடன் பி 0171-உம் சேர்ந்து வந்தால் கலவை மெலிந்திருக்கிறது (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு). காற்றுக் கசிவு, பெட்ரோல் அழுத்தம், இன்ஜெக்டர் பக்கம் போங்கள், காயிலைத் தொடாதீர்கள்.

படி 2. பேட்டரி. இரவெல்லாம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக்கூடாது. ஓடும்போது பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வரை இருக்கும். இதைத் தாண்டாமல் காயிலைக் குறை சொல்வது சரியில்லை. வோல்ட் குறைந்தால் காயில் நிரம்பாது, பொறியும் மெலியும்.

படி 3. இடம் மாற்றிப் பார்ப்பது. காசில்லாமல் கிடைக்கும் மிக நம்பகமான சோதனை இதுதான். கோடு பி 0301 என்றால், இன்ஜின் ஆறிய பிறகு முதல் சிலிண்டர் காயிலையும் மூன்றாவதையும் மாற்றி மாட்டுங்கள். படம் பிடித்துவைத்திருப்பதால் இப்போது கோடை அழிக்கலாம். பிறகு குறை வரும் அதே சாலையில் ஓட்டுங்கள். கோடு பி 0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. பி 0301-லேயே நின்றால் காயில் நல்லது. அடுத்து பிளக்கை இடம் மாற்றுங்கள். அதற்கும் நகராவிட்டால் அந்தச் சிலிண்டரின் வயர், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் மூன்றில் ஒன்று. பெல்ட், புல்லி இருக்கும் பக்கம்தான் பெரும்பாலான வண்டிகளில் முதல் சிலிண்டர். சில ஐரோப்பிய இன்ஜின்களில் நேர் எதிர்ப்புறம். கையேட்டைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். ஒரே காயில் இரண்டு சிலிண்டருக்குப் பொறி தரும் பழைய வகையில் 1-உம் 4-உம் சேர்ந்தோ, 2-உம் 3-உம் சேர்ந்தோ கோடு வரும். அப்படி ஜோடியாக வந்தால் அந்த ஒரு காயிலை முதலில் சந்தேகப்படலாம்.

படி 4. கழற்றிய பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானின் மேல் உச்சியிலிருந்து அறுகோண இரும்பு வரை பென்சிலால் கீறியதுபோல் ஒரு கருங்கோடு ஓடியிருந்தால், பொறி உள்ளே தாண்டாமல் வெளிப்பக்கமாகவே இறங்கியிருக்கிறது. காயிலின் ரப்பர் பூட்டை விரித்துப் பார்த்தால் உள்சுவரில் அதே கோட்டின் நிழல் இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினால் பழைய பூட் புது பிளக்கிலும் அதே கோட்டை இழுத்துவிடும். இரண்டையும் மாற்ற வேண்டும். பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் வால்வ் கவரின் குழாய் சீல் போயிருக்கிறது. அதை விட்டுவிட்டுக் காயில் மாற்றினால் புதுக் காயிலும் ஊறிக் கெடும். பிளக் இடைவெளி பல கார்களில் 0.8 முதல் 1.1 மி.மீ. வரை, உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும்.

சூடேறி அணையும் வண்டிக்கு ஸ்கேனர் செய்யும் உதவி தனி. வண்டி நின்ற இடத்திலேயே ஸ்கேனரில் இன்ஜின் சுற்றைத் திறந்து வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். 150 முதல் 300 வரை ஏதாவது காட்டினால் கிராங்க் சென்சார் பேசுகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றும்போதும் பூஜ்யத்திலேயே நின்றால் சென்சாரோ அதன் வயரோதான். பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போவதற்குள் சென்சார் ஆறிவிடும், எந்த மெக்கானிக்குக்கும் இந்த எண் கிடைக்காது. உங்களுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

எங்கே தவறும்? சூடான இன்ஜினில் பிளக்கைக் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் திரெட் கையோடு வந்துவிடும். அதன் செலவு ஒரு செட் காயிலை விட அதிகம். கப்ளரின் (வயர் இணைப்பான்) பூட்டை அழுத்தாமல் இழுத்தால் உடையும், பிறகு அதுவே புது லூஸ் கான்டாக்ட். பிளக்கை முதல் சில திரெட் விரலாலேயே ஏற்றுங்கள். வாஷர் உள்ள புது பிளக் கையால் இறுகியபின் அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குள் போதும். கீழே விழுந்த பிளக்கின் இடைவெளியை மறுபடி அளக்க வேண்டும். பொறி வருகிறதா என்று பார்க்கக் காயிலைக் கையில் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிப்பது வேண்டவே வேண்டாம். 25,000 வோல்ட்டுக்கு மேல் பாயும். ஆளுக்கும் ஆபத்து, பொறி தாண்ட வழியில்லாமல் விட்டால் காயிலும் கெடும். பொறி பார்ப்பதற்கென்றே விற்கும் டெஸ்டரை மாட்டி, பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள்.

மறைவான செலவு ஒன்று: ஸ்கேனரைப் போர்ட்டிலேயே விட்டுவிட்டால் வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் பேட்டரியை உறிஞ்சிவிடும்.

யாருக்கு ஏற்றது: மிஸ்ஸிங் வகை, சூடேறி அணையும் வகை. 2013 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களில் ஓபிடி 2 (ஸ்கேனர் கோடுகளைப் படிக்கும் பொது முறை) இருக்கும். டேஷ்போர்டின் ஸ்டீயரிங் பக்க அடியில் 16 முனைப் போர்ட்டைத் தேடுங்கள்.

## வழி 2: ஊர் வயரிங் கடை

செல்ஃப் எடுக்காத வகை, குலுக்கலில் அணையும் வகை, எலி கடித்த வண்டி, இவை மூன்றுக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனைப் போல் வேகமாகக் கண்டுபிடிப்பவர் வேறு யாருமில்லை. பாலக்கோடு, பர்கூர், ஊத்தங்கரைப் பக்கம் மாந்தோப்பிலோ களத்து ஓரத்திலோ நிற்கும் வண்டிகளில் எலி கடித்த வயர் சாதாரணம். பாதி கடிபட்ட வயர் காய்ந்த நாளில் ஓடும், ஈரத்தில் எர்த் அடிக்கும். கோடும் நாளுக்கொன்றாக வரும். இதை ஸ்கேனர் சொல்லாது. கையை விட்டு வயரைத் தடவிப் பார்ப்பவர்தான் சொல்வார்.

நல்ல கடை எது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. எர்த் சோதனையை எப்படிச் செய்கிறார் என்று பாருங்கள். வயரை ஆட்டிப் பார்த்துவிட்டு "எர்த் நல்லாத்தான் இருக்கு" என்பவர் ஒருவர். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, சிவப்பு முனையை இன்ஜினின் வெற்று உலோகத்தில், கருப்பு முனையைப் பேட்டரி மைனஸ் கட்டையிலேயே வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிப் படிப்பவர் இன்னொருவர். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பட்டையில் தடை இருக்கிறது. பிளஸ் பக்கம், பேட்டரிக் கட்டையிலிருந்து செல்ஃப் மோட்டார் போல்ட் வரை, 0.5-ஐத் தாண்டக்கூடாது. டெர்மினல் வெளியில் பளபளப்பாக இருக்கும், கிளாம்ப்பைக் கழற்றினால் உள்வளையத்தில் பச்சை, வெள்ளை உப்பு பூத்திருக்கும். அந்த உப்பைச் சுரண்டி எடுத்தாலே பல வண்டிகளின் "காயில் பிரச்சினை" தீர்ந்துவிடும்.

கடைக்குப் போகும் முன் நீங்கள் கவனித்துச் சொல்ல வேண்டியது ஒன்று. ஓடும்போது வண்டி அணைந்த கணத்தில் டேஷ்போர்டு விளக்குகள் என்ன ஆயின? எல்லாமே ஒரு கணம் செத்து மீண்டனவா? அப்படியானால் பேட்டரி டெர்மினல், மெயின் ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச். விளக்குகள் எரிந்தபடியே, ஆயில், பேட்டரி விளக்கும் சேர்ந்துகொண்டு இன்ஜின் மட்டும் நின்றதா? அப்படியானால் கிராங்க் சென்சார், இன்ஜின் ரிலே, பெட்ரோல் பக்கம். இந்த ஒரு வாக்கியம் எலக்ட்ரீஷியனின் பாதி நேரத்தை மிச்சப்படுத்தும். சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாம் தொங்கினால் அதையும் கழற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அந்தக் கனம் ஆடி ஆடி இக்னிஷன் சுவிட்சைத் தேய்க்கிறது.

மறைவான செலவு: பழைய பல்பு டெஸ்ட் லாம்ப்பை இசிஎம் வயரில் குத்துவது. அந்தப் பல்பு இழுக்கும் கரண்ட் இசிஎம்முக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட்டைக் கெடுக்கலாம். எல்இடி டெஸ்டரோ மீட்டரோதான் அங்கே பயன்பட வேண்டும். வயரைத் தோலுரித்து முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழைக்குத் திரும்பவும் குறை வரும். ஈயம் வைத்துச் சுருங்கு ஸ்லீவ் போடச் சொல்லுங்கள், அதற்காகக் கூடுதலாகக் கேட்டால் கொடுங்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 15 ஆம்பியர் இடத்தில் 25 போட்டால் அடுத்து எரிவது வயர். கிராங்க் சென்சார் வயர் முறுக்கிய ஜோடியாகவோ வெளியுறையோடோ வருவது சும்மா இல்லை. நேரான சாதாரண வயரால் ஒட்டுப் போட்டால், பக்கத்துக் காயிலின் இரைச்சல் உள்ளே புகுந்து புது மிஸ்ஸிங்கைக் கொடுக்கும்.

வெளியில் மாட்டிய மியூசிக் சிஸ்டம், ரிமோட் லாக், கூடுதல் விளக்கு ஆகியவற்றை எங்கிருந்து இணைப்பு (டாப்) எடுத்தார்கள் என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். இக்னிஷன் லைனிலிருந்து எடுத்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம்.

கார்புரேட்டர் காலத்து மாருதி 800, அம்பாசடர் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் இங்கேதான் போக வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர், பாயின்ட், ஹெச்டி கேபிள் (பிளக்குக்குப் போகும் உயர் வோல்ட் வயர்) எல்லாம் இவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருட்டில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். கெட்ட கேபிளைச் சுற்றி நீலப் பொறி ஊர்வது கண்ணாலேயே தெரியும்.

## வழி 3: கம்பெனி சர்வீஸ்

வாரண்டி இருக்கும் வண்டிக்கு வேறு பேச்சே வேண்டாம். வெளியில் வயர் வெட்டி ஒட்டிய அடையாளம் இருந்தால் வாரண்டியை மறுக்க அது காரணமாகிவிடும். சாவி, இம்மொபிலைசர் கோளாறு என்றால் வாரண்டி முடிந்தாலும் இங்கேதான். சாவியைத் திரும்பப் பதிவு செய்ய அவர்களின் கருவி வேண்டும். இசிஎம் மென்பொருளைப் புதுப்பிப்பது, அதே மாடலில் பலருக்கும் வந்த குறைக்குக் கம்பெனி அனுப்பிய குறிப்பு, பொதுவான ஸ்கேனரில் தெரியாத கம்பெனிக் கோடுகள் இவையெல்லாம் பெரும்பாலும் இவர்களிடம்தான் இருக்கும்.

பலவீனம் எங்கே என்றால், வண்டி அங்கே நிற்கும் நேரத்தில் குறை வராது. அவர்கள் வேலை முறை கோடு இருந்தால் அந்தக் கோடைத் தொடர்வது. கோடு இல்லையென்றால் பொது சர்வீஸ் செய்து கொடுப்பது. ஆகவே ஜாப் கார்டில் எழுதப்படும் வாசகம்தான் எல்லாம். "ஸ்டார்ட்டிங் பிராப்ளம்" என்று எழுதவிடாதீர்கள். இப்படி எழுதச் சொல்லுங்கள்: "30 கி.மீ. ஓடிய பிறகு, மூன்றாம் கியரில் ஏற்றத்தில், 2,500 சுற்றில் மிஸ்ஸிங். மாதத்தில் நான்கு முறை. பி 0302 பெண்டிங். படம் இணைப்பு." டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்து அதே போன்ற ஏற்றத்தில் ஓட்டிக் காட்டக் கேளுங்கள். காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வரும் குறையென்றால் முந்தின நாள் மாலையே விட்டு, இரவு முழுக்க நின்றபின் அவர்களே ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

மறைவான செலவு: ஒட்ட வேண்டிய வயருக்கு முழு ஹார்னஸ் (வயர் கட்டு) மாற்ற எஸ்டிமேட் வரலாம். கூலிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. வரிசையில் நிற்கும் நாட்கள். மாற்றிய பழைய பொருட்களைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். அவை உங்களுடையவை, அடுத்த முறை குறை வந்தால் ஒப்பிட உதவும். வேலை தொடங்கும் முன் கோடை அழிக்க வேண்டாம், அச்செடுத்துக் கொடுங்கள் என்றும் சொல்லிவிடுங்கள்.

## வழி 4: செட்டாக மாற்றிவிடுவது

"காயிலும் பிளக்கும் மாத்திட்டா முடிஞ்சது" என்ற யோசனை பாதி சரி. பிளக்குக்கு அது பொருந்தும். சாதாரண நிக்கல் பிளக் வண்டியைப் பொறுத்து 20,000 முதல் 40,000 கி.மீ. வரை, இரிடியம் வகை 80,000 முதல் 1,00,000 வரை. கணக்கைத் தாண்டியிருந்தால் சோதனையே வேண்டாம், செட்டாக மாற்றுங்கள். தேய்ந்த பிளக்கின் அகன்ற இடைவெளியைத் தாண்ட காயில் ஒவ்வொரு முறையும் அதிக வோல்ட் எழுப்ப வேண்டும்; அந்தப் பாரம்தான் காயிலின் உள்காப்பைப் பொத்தலாக்குகிறது. 200 ரூபாய் பிளக்கைத் தள்ளிப்போட்டு 2,000 ரூபாய் காயிலை இழப்பது இப்படித்தான்.

காயிலுக்கு அந்த யோசனை பொருந்தாது. கெட்டது ஒன்று என்றால் ஒன்றை மாற்றுங்கள், வேண்டுமானால் இன்னொன்றை டிக்கியில் வையுங்கள். நல்ல மூன்றைக் கழற்றிப் போலி மூன்றை மாட்டுவதே அதிகம் நடக்கிறது. போலி பிளக், போலி காயில் சந்தையில் தாராளம். பில்லும் முத்திரையும் தரும் டீலரிடம் மட்டும் வாங்குங்கள். கூடவே, காயில் குளிர்ந்திருக்கும்போது ஓம் அளந்து "நல்லா இருக்கு" என்று சொல்வதையும் நம்பிவிடாதீர்கள்; சூட்டில் விரிந்தால்தான் அதன் உள்வெட்டு திறக்கும்.

இந்த வழியின் உண்மையான விலை வேறு: குறை தற்காலிகமாக மறைந்தால் காரணம் தெரியாமலே போய்விடும். காயிலைக் கழற்றி மாட்டியபோது கப்ளர் இறுகியதால் சரியானதா, புதுக் காயிலால் சரியானதா என்று யாராலும் சொல்ல முடியாது.

சிஎன்ஜியில் மட்டும் மிஸ்ஸிங், பெட்ரோலுக்கு மாற்றினால் சரி என்பவர்களுக்கு ஒரு விலக்கு. வாயுக் கலவையில் பொறி தாண்ட அதிக வோல்ட் தேவைப்படுவதால், தளர்ந்த பிளக் முதலில் சிஎன்ஜியில்தான் காட்டிக்கொடுக்கும். அங்கே முதலில் கையேட்டில் உள்ள எண்ணிலேயே புது பிளக் போட்டுப் பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| | நாமே | வயரிங் கடை | கம்பெனி சர்வீஸ் | செட்டாக மாற்றுவது |
|---|---|---|---|---|
| குறை வரும்போது பக்கத்தில் | எப்போதும் | அழைத்தால் வரலாம் | அரிது | பொருந்தாது |
| பலமான இடம் | மிஸ்ஸிங், சூட்டில் அணைதல் | எர்த், சுவிட்ச், எலிக்கடி | வாரண்டி, சாவி, இசிஎம் | ஆயுள் முடிந்த பிளக் |
| தடயம் | நம் கையில் | பேட்டரி கழற்றினால் போகும் | அழிக்க வேண்டாம் எனச் சொல்ல வேண்டும் | அழிந்துவிடும் |
| முதல் செலவு | 2,000–3,000 ரூபாய், ஒருமுறை | குறைவு | அதிகம் | நடுத்தரம் முதல் அதிகம் |
| பெரிய ஆபத்து | திரெட் போவது | வெட்டி ஒட்டிய வயர் | குறை இல்லை எனத் திரும்புவது | காரணம் தெரியாமல் போவது |

## எந்த நிலையில் எது

ஓசூர் சிப்காட்டுக்குத் தினமும் போய்வரும் வண்டி, மிஸ்ஸிங் வகை: ஸ்கேனரை வாங்குங்கள். ஒரு வாரத்தில் கோடு சிக்கிவிடும், இடம் மாற்றும் சோதனையும் அந்த வாரத்திலேயே முடியும். பிறகு யாரிடம் போனாலும் "இரண்டாவது காயில்" என்று சொல்லியே போகலாம்.

கிராமத்தில் வாரம் ஒருமுறை எடுக்கும் வண்டி, செல்ஃப் எடுக்கவில்லை: வயரிங் கடை. பேட்டரி, டெர்மினல், எர்த், எலி. இந்த வரிசையிலேயே பார்க்கச் சொல்லுங்கள்.

நாளை மறுநாள் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ குடும்பத்தோடு போக வேண்டும், கண்டுபிடிக்க நேரமில்லை: பிளக் செட்டை மாற்றி, டெர்மினலைச் சுத்தம் செய்துவிட்டு, ஸ்கேனர் படத்தைப் பத்திரப்படுத்துங்கள். அதிலும் சூடேறி நடுவழியில் அணையும் வண்டியானால் அந்தப் பயணத்துக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். பென்னாகரத்தைத் தாண்டி ஒகேனக்கல் இறங்கும் வளைவிலோ தொப்பூர் இறக்கத்திலோ இன்ஜின் அணைந்தால் பவர் ஸ்டீயரிங்கும் பிரேக் பூஸ்டரும் கனத்துப்போகும். அதைச் சோதித்துப் பார்க்கக் கூடாது. தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033-ஐ அழைக்கலாம்.

இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் நான்கு வழியையும் யோசிக்கும் நேரம் அது அல்ல. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் அங்கே எரிந்து, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை உருக்குகிறது. அதன் விலை நான்கு காயிலையும் மிஞ்சும். ஆக்சிலரேட்டரை விட்டு, ஓரம் கட்டி, அணைத்துவிடுங்கள்.

## சரியானதா என்று உறுதி செய்வது

வேலை முடிந்ததும் வீதியைச் சுற்றி வந்து திருப்தி அடைந்துவிடாதீர்கள். குறை எந்த நிலையில் வந்ததோ அதே நிலையை மறுபடி உண்டாக்குங்கள்: அதே ஏற்றம், அதே கியர், அதே பாரம், சூடான வண்டி. ஈரத்தில் வந்த குறையென்றால் இன்ஜின் ஓடும்போது சிறு ஸ்பிரே பாட்டிலால் காயில் பக்கம் பனிபோல் தெளித்து, கையை விலக்கிக்கொண்டு, சத்தம் மாறுகிறதா என்று கேளுங்கள். ஒரு வாரம் கழித்துப் பெண்டிங் கோடைத் திறந்து பாருங்கள். விளக்கு எரிவதற்கு முன்பே மிஸ்ஸிங் அங்கே பதிந்திருக்கும். கழற்றிய காயிலின் மேல் தேதி, கிலோமீட்டர், எந்தச் சிலிண்டர் என்று மார்க்கரால் எழுதி டிக்கியில் வையுங்கள். மூன்று மாதம் கோடு வராவிட்டால் பிறகு பழைய இரும்புக்குப் போடலாம்.